ஜெய்சல்மேருக்கு ஒரு ஒத்திகை

எங்கள் மடத்தில் கேள்வி கேட்பது சுலபம். பதில் வாங்குவதுதான் பெரும்பாடு. கைலாசம் சாமியிடம் ஒன்று கேட்டால் அவர் பாட்டுக்கு வேறொன்றைச் செய்துகொண்டிருப்பார். அதுதான் பதிலா என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். ஆவுடையப்பன் அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு சாமி ஒரு வேன் பிடித்தார்.

அண்ணாச்சி சாமியைவிட வயதில் மூத்த சீடர். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கோட்டை, அரண்மனை என்றால் உயிரை விடுவார். அவர் சாமியின் காலில் விழுவார், சாமி அவரை 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டு எழுப்பி உட்கார வைப்பார். இரண்டு பேருக்கும் அது சரியாகவே இருந்தது.

அன்று காலையில் அண்ணாச்சி ஒரு காலண்டர் தாளோடு வந்தார். பின்பக்கம் அவரே வரைந்த படம். ஜெய்ப்பூர், ஜோத்பூர், பிகானேர், கடைசியில் ஜெய்சல்மேர்.

"கோட்டைக்குள்ளேயே இன்னைக்கும் ஜனம் குடியிருக்கு சாமி. அடுப்பெரியுது, துணி காயுது. அதைத் தாண்டினா மணல். கண்ணுக்கு எட்டின மட்டும் மணல்தான்."

"நல்லது. எப்போ புறப்பாடு?"

"ரயில், லாட்ஜ் எல்லாம் பேசியாச்சு. ஒண்ணுதான் குறை." தாளை மடித்தார். "உலகம்மா வரமாட்டேங்கா."

உலகம்மா அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி.

"நான் கூப்பிட்டு அவ வராத ஊர் கிடையாது. அவ இல்லாம நான் திருச்செந்தூர்கூடப் போனதில்லை. இப்போ மொதத் தடவையா மாட்டேங்கா. அவ வரலைன்னா இந்தப் பயணமே வேண்டாம், கிழிச்சுப் போட்டுருவேன். ஆனா ஏன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வரலை சாமி."

"காரணம் சொல்லலையா?"

"சொன்னா. அதுதான் புரியலை." அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு சாமியின் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார். நான் என்ன, காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்? "எல்லா ஊரும் ஒரே மாதிரிதான் இருக்குங்கா. காசி, ஆக்ரா, டெல்லி, ஹம்பி எல்லாம் ஒண்ணுதானாம். இனி ஜெய்சல்மேர் மட்டும் என்ன புதுசா இருக்கப் போகுதுன்னு கேட்கா. நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். தப்பா நினைக்காதீங்க சாமி. அவளுக்கு ஞானம் கீனம் வந்துட்டுதா?"

நான் துண்டை வாயில் வைத்துக்கொண்டேன். சாமி சிரிக்கவில்லை.

"வந்திருக்கலாம். ஞானம் சொல்லிட்டா வருது?"

"அப்படீன்னா நான் மட்டும் ஏன் சாமி இன்னும் கோட்டை கோட்டைன்னு அலையுதேன்?"

சாமி, "போன ஊர்ப் படமெல்லாம் இருக்கா?" என்றார்.

அண்ணாச்சி உற்சாகமாகப் போனை எடுத்துத் தள்ளிக் காட்டினார். தாஜ்மகாலுக்கு முன்னால் அண்ணாச்சி. செங்கோட்டைக்கு முன்னால் அண்ணாச்சி. ஹம்பியில் கல்தேர்ச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி.

"நல்லா வந்திருக்கே. யார் எடுத்தது?"

"பக்கத்துல நிக்கிற யார்கிட்டயாவது கொடுத்து எடுக்கிறதுதான்."

"சாப்பாட்டுக்கு என்ன செய்வீங்க?"

"அதுல கவலையே இல்லை. எனக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கிடாது, தெரியும்லா? எங்க போனாலும் குக்கர் கூடவே வந்துரும். அரிசி, பருப்பு, ரசப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய். லாட்ஜ் ரூம்ல பிளக்கைச் சொருகினா முடிஞ்சுது. ஊர் சுத்திட்டு வந்தா சுடச்சுடச் சோறு இருக்கும். ஜெய்சல்மேர்லயும் அப்படித்தான்."

சாமி காலண்டர் தாளைப் பிரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பெரிய பயணம். ஒரு ஒத்திகை பார்த்துருவோம் அண்ணாச்சி. பழைய பட்டணத்துக்குக் கொற்கை. மணலுக்குத் தேரிக்காடு. ரெண்டும் நமக்குப் பக்கத்துலதானே?"

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "கொற்கையா! எத்தனை வருஷம் பாடம் எடுத்திருக்கேன்! பாண்டியன் துறைமுகம், முத்து, யவனர் கப்பல்... ஆனா சொன்னா வெட்கக்கேடு சாமி, இதுவரைக்கும் போனதில்லை. பக்கத்துலதானே இருக்கு, எங்க போயிரப் போகுதுன்னு விட்டுட்டேன்."

"அப்போ ஞாயிற்றுக்கிழமை போவோம். அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. சமையலுக்கு நான் ஆள் போட்டுட்டேன்னு மறக்காமச் சொல்லுங்க."

மதினி வருவாள் என்று அண்ணாச்சிக்கே நம்பிக்கை இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மடத்து வாசலில் முதல் ஆளாக மதினிதான் நின்றாள். தலையில் பிச்சிப்பூ, கையில் ஒரு சின்னப் பை. வேறு சுமை இல்லை. அண்ணாச்சி அவளுக்குப் பின்னால் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வேனில் சாமி, அண்ணாச்சி, மதினி, நான், இன்னும் நாலைந்து சீடர்கள். பின்சீட்டில் ஒரு அண்டா, விறகுக் கட்டு, மளிகைச் சாமான்.

கொற்கை போய் இறங்கினோம். கடல் எப்போதோ கோபித்துக்கொண்டு போன மாதிரி, எங்கே பார்த்தாலும் வயலும் வாழையும்தான். ஊருக்குள் ஒரு பழைய வன்னி மரம். அண்ணாச்சி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் மரத்தைப் பார்த்து நடையைக் கட்டினார்.

"அண்ணாச்சி!" என்றார் சாமி. "எனக்கும் இப்போ உங்க வயிறுதான். வெளிச் சாப்பாடு ஒத்துக்கிட மாட்டேங்குது. உப்புமா கிண்டிருங்களேன்."

"நானா?"

"உங்க வயித்தைப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்? நான் போட்ட ஆள் நீங்கதான்."

குரு சொன்ன பிறகு என்ன பேச முடியும்? அண்ணாச்சி குளத்தங்கரையில் மூன்று கல்லைக் கூட்டினார். விறகு பற்ற மறுத்தது. ஊதி ஊதிக் கண் சிவந்துபோனது. மதினி பதறிப்போய், "தள்ளுங்க, நான் பார்க்கேன்" என்று சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள்.

"நீங்க வாங்கம்மா. கடல் இருந்த இடத்தைப் பார்த்துட்டு வருவோம்" என்று சாமி அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் வன்னி மரத்தைப் பார்த்தோம். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒருவர், தோண்டும்போது கிடைத்தது என்று ஒரு சங்குத் துண்டைக் காட்டினார். மதினி அதை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தாள். பாதி உடைந்த சங்கில் என்ன கேட்டதோ, கொடுக்க மனசே வராமல் நின்றாள். "எவ்வளவு பெரிய ஊரா இருந்திருக்கும்லா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? தெரிந்தவர் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது அண்ணாச்சி அடிப்பிடித்த அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஆனாலும் ஆர்வம் விடவில்லை.

"சாமி, நான் ஒரு எட்டு பார்த்துட்டு ஓடியாந்துருதேன்."

"பாத்திரம் கழுவணுமே அண்ணாச்சி. தேரிக்கு வெயில் ஏறுறதுக்குள்ள போகணும்." சாமி என் போனை வாங்கி நீட்டினார். "இந்தாங்க, படம். அப்படியே நேர்ல பார்த்த மாதிரி இருக்கு."

அண்ணாச்சி படத்தைப் பார்த்தார். வன்னி மரத்துக்கு முன்னால் சாமி நின்றிருந்தார். அண்ணாச்சி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார்.

தேரிக்காட்டைப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். செக்கச்செவேல் என்று மணல், மேடு மேடாக. பனைமரங்கள் கழுத்துவரை புதைந்து நிற்கும். காற்றடித்தால் மேடு இடம் மாறிக்கொள்ளும். உள்ளே ஒரு அய்யனார் கோயில், பக்கத்தில் சுனை. அங்கே மரநிழலில் மறுபடியும் மூன்று கல்.

"இப்போ சோறு, சாம்பார், ரசம், ஒரு கூட்டு" என்றார் சாமி.

"இத்தனையுமா?"

"பயணத்துல இதெல்லாம் இல்லைன்னா சோறு இறங்குமா அண்ணாச்சி? நீங்களே சொல்லியிருக்கீங்க."

மதினி இந்தத் தடவை அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். முதல் மேடு வரைக்கும்தான் அப்படி. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தாள். இரண்டாவது மேட்டில் சறுக்கிவிட்டது, பொத்தென்று உட்கார்ந்தாள். நாங்கள் பயந்து ஓடினால் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். மதினி சிரித்து நான் கேட்டதே இல்லை. எழுந்து ஏறி, வேண்டுமென்றே இன்னொரு தடவை சறுக்கினாள். வெட்கமெல்லாம் காற்றோடு போயிற்று. முந்தானையில் ஒரு பிடி செம்மணலை முடிந்துகொண்டாள்.

கோயிலுக்குத் திரும்பியதும் நேராக அண்ணாச்சியிடம்தான் போனாள்.

"ஏங்க, கால் வச்ச தடம் திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள மூடிருது! பனைமரத்து உச்சியைக் கையால தொட்டேன் தெரியுமா? உச்சியை!"

அண்ணாச்சி கரண்டியோடு கேட்டுக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கரி. "ரொம்பத் தூரமா?" என்றார்.

"அந்தா, அந்த மேட்டுக்குப் பின்னாலதான்."

அவர் அந்த மேட்டையே பார்த்தார். அதற்குள் ரசம் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது.

எல்லோரும் சாப்பிட்டு, அவர் சாப்பிட்டு, அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. "நான் மட்டும் ஓடிப்போய்..." என்று அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். டிரைவர் ஹாரன் அடித்தார். அவருக்கு வேறு வாடகை இருந்ததாம்.

வேன் கிளம்பியது. அண்ணாச்சி கடைசிவரை ஜன்னல் வழியாக அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாவமாகத்தான் இருந்தது.

சாமி முன்சீட்டிலிருந்து திரும்பினார்.

"கொற்கை எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?"

அண்ணாச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "எனக்கென்ன சாமி தெரியும்? மூணு கல்லும் புகையும் அண்டாவும்தான் பார்த்தேன்."

"தேரிக்காடு?"

"அங்கேயும் அதே மூணு கல்தான். ஊர் மாறினா என்ன? நமக்கு எல்லா ஊரும் ஒரே மாதிரிதான் இருக்கு."

சாமி கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணாச்சிக்கும் ஞானம் வந்துட்டுது."

வேனே சிரித்தது. மதினி மட்டும் சிரிக்கவில்லை. முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி முதலில் எங்களோடு சேர்ந்து சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். பிறகு மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

"உலகம்மா. ஆக்ராவுல... நீயும் வந்தேல்லா?"

"ஆக்ராவுக்கு வந்தேன்."

"தாஜ்மகாலுக்கு?"

"அன்னைக்குத்தானே குக்கரைப் போட்டு லாட்ஜ்ல ஃபியூஸ் போச்சு. ஆள் வந்து சரிபண்ணுற வரைக்கும் மேனேஜர்கிட்ட ஏச்சு வாங்கிட்டு நின்னேன். அரிசி பாதிதான் வெந்திருந்தது." மதினி குரலில் கோபமே இல்லை. "நீங்க வந்து போட்டோ காட்டினீங்களே. நல்லாத்தான் இருந்துச்சு."

அண்ணாச்சியின் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லவும் வழியில்லை, அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

வழியில் ஏரல் ஊர் வந்தது. பாலம் தாண்டியதும் அண்ணாச்சி கேட்டார்.

"ஜெய்சல்மேருக்கு வாரியா?"

மதினி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "குக்கரும் வருதா?"

அண்ணாச்சி எழுந்தார். எட்டிப்போய் டிரைவரின் தோளைத் தட்டினார். "தம்பி, அந்த டீக்கடை ஓரமா நிறுத்துங்க."

கடையில் வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரோட்டுப் புழுதி, ஈ, கறுத்த எண்ணெய்ச் சட்டி. அண்ணாச்சி இரண்டு டீயும் பேப்பரில் நாலு வடையும் வாங்கினார். முதல் வடையை மதினி கையில் கொடுத்தார். அடுத்ததை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரே வாயாகப் போட்டுக்கொண்டார்.

சாமி வேனிலிருந்து தலையை நீட்டினார்.

"வயிறு என்ன சொல்லுது அண்ணாச்சி?"

அண்ணாச்சி வாய் நிறைய வடை. அடுத்த வடைக்குக் கையை நீட்டினார்.