கருப்பட்டி மோந்து பாத்த குட்டி

உங்கம்மா சேலைய ஏன்டி மூக்குக்குள்ள திணிக்கிற? மூச்சு விடு. கதை கேளு.

அறுப்பு முடிஞ்ச ஒரு ஊர்ல ஒரு செம்மறியாடு இருந்துச்சாம். பேரு கருப்பட்டி. அங்க ராத்திரி ஆடுகள வயல்ல அடைச்சு கிடை போட்டிருந்தவ வெயிலா. அத்தனை ஆட்டுக்கும் அவதான் ஆத்தா. ம் சொல்லு.

"ம்."

தை மாசப் பனி. கருப்பட்டியோட குட்டி வெறச்சுச் செத்துப்போச்சு. வெயிலா வரப்போரமா பொதச்சுட்டா. கருப்பட்டி பால் கட்டின மடியோட அந்த வரப்பையே பாத்து, "ம்ம்மேஏஏ"ன்னு கத்துச்சு. தொண்டை கட்டிப்போயும் நிறுத்தல.

அப்போ இன்னொரு ஆடு, குட்டியப் போட்டுட்டுக் கண்ண மூடிருச்சு. அந்தக் குட்டி எலிக்குஞ்சு கணக்கா "மே, மே"ங்குது. பால் இல்லேன்னா பொழைக்காது.

"கருப்பட்டி குடுக்கலாம்ல சித்தி?"

குடுக்காதுடி. ஆட்டுக்கு மூக்குதான் கண்ணு. தன் குட்டி வாசம் இல்லேன்னா முட்டித் தள்ளிரும். வெயிலாவுக்கு ஒரு வழி தெரியும். அறுத்த வயல்ல கொட்டைக்கரந்தை தானா மொளைக்கும். கசக்கினா மருந்துக்கடைய மிதிச்ச மாதிரி நெடி. அதக் குட்டி மேலயும் ஆட்டு மூக்குலயும் தேச்சா, எது யாரு வாசம்னு ஆடு கொழம்பிரும்.

ஆனா பனியில படுத்து அவளுக்குச் சளி. இரு, மூக்கப் புடிச்சுக்கிட்டுப் பேசிக்காட்டுறேன். "எப் பூக்கு அடைச்சுப்போச்சு." சிரிக்காத, பாவம் அவ. வாசம் தெரியாம செடிய எப்படிக் கண்டுபிடிக்க? உருண்டைப் பூ, ஊதா நெறம், அம்புட்டுத்தான் ஞாபகம்.

மொதல்ல ஒரு உருண்டைப் பூவப் புடுங்கப் போனா. எலையெல்லாம் சரசரன்னு மூடிக்கிச்சு, கையில முள்ளு சுருக்குன்னுச்சு. தொட்டாச்சிணுங்கி. குட்டி கத்துது, "மே."

அப்புறம் இன்னொண்ணு. கசக்கித் தேச்சு விட்டா. கருப்பட்டி மோந்துச்சு, டொம்முன்னு முட்டிருச்சு. அது வாடாமல்லி, வாசமே கெடையாது. குட்டி வாயத் தெறந்துச்சு, சத்தம் வரல.

"செத்துருச்சா?"

கேளு. மூணாவது செடி. தண்டு ஓரமெல்லாம் றெக்கை ஒட்டின மாதிரி, கையில பிசுபிசுன்னு. வெயிலா அதக் கசக்கி, கிடைக்குக் காவல் கெடந்த நாய் மூக்குல காட்டினா. "அச்ச்! அச்ச்!" அப்படியே தரையில மூக்கத் தேச்சுக்கிட்டு ஓடுது நாய். வெயிலாவுக்குப் புரிஞ்சு போச்சு. கரந்தை.

அப்புறம் தேச்சா. கருப்பட்டி மோந்துச்சு. நின்னுச்சு. குட்டி "சப்பு சப்பு"ன்னு குடிச்சுச்சு. ம்?

"...ம்."

மறுநா காலந்தப்பி நல்ல மழை. வாசம் பூரா கழுவிட்டுப் போயிருச்சு. வெயிலா குட்டியத் தூக்க ஓடினா, முட்டிக் கொன்னுருமேன்னு. கருப்பட்டி குனிஞ்சு மோந்துச்சு. மறுபடி மோந்துச்சு. தன்னுது இல்லேன்னு தெரிஞ்சுபோச்சு. வரப்புப் பக்கம் திரும்பி ஒரே ஒரு தடவ "ம்ம்மே"ன்னுச்சு. அப்புறம் காலை அகட்டி நின்னு பால் குடுத்துச்சு.

"தெரிஞ்சும் ஏன் குடுத்துச்சு?"

எங்கிட்ட சொல்லலடி.

"குட்டி அத அம்மான்னு கூப்டுச்சா?"

ஆடு எல்லாரையும் ம்மேன்னுதான் கூப்பிடும்.

"நான் சித்தின்னுதான் கூப்பிடுவேன்."

கூப்பிடு. அதுக்கும் திரும்பிப் பாப்பேன். உங்கம்மா சேலைய நான் தொவைக்கல, நல்லா மோந்துக்க. கிடை படுத்தாச்சு, கதையும் படுத்தாச்சு, நீயும் கண்ண மூடு.