மகாராஜா குடித்த நாழிகை

வேங்கைமலை நாட்டு ராஜா கோதண்டராயர் தங்கமான மனுஷர்தான். ஆனால் ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடி. அந்த வருஷம் அவர் பிடித்தது நாழிகை வட்டிலை.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். தவலை நிறையத் தண்ணீர். அதன் மேல் அடியில் ஊசித்துளை போட்ட ஒரு செப்பு வட்டில் மிதக்கும். துளை வழியே தண்ணீர் ஏறி, வட்டில் முழுகி, தவலையின் அடியில் போய் உட்கார்ந்தால் ஒரு நாழிகை. உடனே டாண் என்று மணி.

இதற்குக் காவலாக ஆவுடையப்பர் என்று ஓர் அதிகாரி. அவர் ராஜாவின் காதைக் கடித்து ஒரு சட்டம் போட வைத்தார். அரண்மனைக்குள் யாரும், எதுவும், குறித்த நாழிகைக்குத்தான் வர வேண்டும். முந்தினாலும் குற்றம், பிந்தினாலும் குற்றம். தண்டனை, அன்று சாயங்காலம் முப்பதாம் நாழிகை மணி அடித்ததும் நாடு கடத்தல். ராஜா உடைவாள் மேல் கைவைத்துச் சத்தியமே செய்துவிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா? மந்திரிகள் வாசலில் வெயில் காய்ந்துகொண்டு நின்றார்கள். மணி அடித்ததும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து உள்ளே ஓடினார்கள்.

அப்போதுதான் ராணிக்குப் பேறுகாலம் வந்தது. குழந்தை எட்டாம் நாழிகைக்குப் பிறக்கும் என்றார் ஜோசியர். மருத்துவச்சி காத்தாயி ஏழாம் நாழிகைக்கு வர வேண்டும் என்று ஓலை போயிற்று. ஆற்றில் வெள்ளம். பரிசல் ஓடவில்லை. காத்தாயி ஓர் எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்து, எட்டாம் நாழிகை மணியும் அடித்த பிறகு சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தாள். உள்ளே குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. காத்தாயி கை வைத்தாள். கொடி விலகியது. ஒன்பதாம் நாழிகைக்கு இளவரசர் அரண்மனை அதிரக் கத்தினார்.

ராஜா சந்தோஷத்தில் கற்கண்டை வாரி இறைத்தார். அது தரையில் விழுமுன் ஆவுடையப்பர் தொண்டையைக் கனைத்தார்.

"மகாராஜா, காத்தாயி ஒரு நாழிகைக்கு மேல் பிந்தி வந்திருக்கிறாள்."

ராஜாவின் முகம் சுருங்கிப்போயிற்று. ஆனால் சத்தியம் சத்தியமாயிற்றே.

காத்தாயி ஈரப்புடவையைப் பிழிந்துகொண்டே கேட்டாள். "எருமை நாழிகை பாத்தா சாமி நீந்தும்? நான் எங்க போவேன்? இந்த ஊர்ப் பிள்ளைங்க பூராவும் என் கையிலதான் பொறந்துச்சுங்க."

அதைக் கேட்டதும் அரசவை விகடகவி அழகாத்திரி முன்னால் வந்தார். அவருடைய இரண்டு பெண்களும் அவள் கையில் பிறந்தவர்கள்தான்.

"ஆவுடையப்பரே, இளவரசரும் ஒரு நாழிகை பிந்தித்தானே வந்தார்? அவரையும் கடத்திவிடலாமா?"

"அவருக்கு ஓலை போகவில்லை" என்றார் ஆவுடையப்பர், கொஞ்சமும் சிரிக்காமல்.

இவரிடம் பேசிப் புண்ணியமில்லை என்று அழகாத்திரிக்குப் புரிந்தது. ராஜாவின் பக்கம் திரும்பினார். "சட்டம் அருமையான சட்டம் மகாராஜா. இன்று மதியம் நானே சட்டப்படி தங்களுக்குப் பரிமாற உத்தரவு வேண்டும்."

ராஜா அரைமனதாகத் தலையாட்டினார்.

வேங்கைமலை அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காய மருந்தை முதலில் அப்பன்காரன் விழுங்க வேண்டும். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் அரைத்து உருட்டிய எலுமிச்சை அளவு உருண்டை. பெற்றவள் பட்ட பாட்டில் அவனுக்கும் கொஞ்சம் தெரியட்டுமே என்றுதான்!

பதினைந்தாம் நாழிகை மணி அடித்தது. ஆவுடையப்பர் வட்டிலைப் புதிதாக மிதக்கவிட்டார். ராஜா உருண்டையை வாயில் போட்டார். மறுகணம் காது சிவந்தது, மூக்கு ஒழுகியது, கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்தது.

"தண்ணி! தண்ணி!"

அழகாத்திரி பக்கத்திலேயே வெள்ளிச் செம்போடு நின்றார். நின்றாரே தவிர அசையவில்லை.

"சாப்பாடு பதினைந்துக்கு, தண்ணீர் பதினாறுக்கு என்று ஆவுடையப்பர் எழுதி வைத்திருக்கிறார் மகாராஜா. வட்டில் இப்போதுதான் கால்வாசி நிறைந்திருக்கிறது."

"யோவ், கொடுய்யா!"

"முந்தினால் என்னையும் அல்லவா நாடு கடத்துவார்கள்? எனக்கு இரண்டு பெண்கள் மகாராஜா."

ராஜா ஆவுடையப்பரைப் பார்த்தார். ஆவுடையப்பர் வட்டிலைப் பார்த்தார். "அரைவாசிகூட ஆகவில்லையே..." என்று முனகினார்.

அவ்வளவுதான். ராஜா ஒரே தாவாகத் தாவி, நாழிகைத் தவலையை இரண்டு கையாலும் தூக்கி, மடக் மடக்கென்று குடித்தார். மீசை நனைந்தது, பட்டு நனைந்தது. கடைசிச் சொட்டும் உள்ளே போனது. காலித் தவலையின் அடியில் வட்டில் டங் என்று உட்கார்ந்தது.

அழகாத்திரி உடனே செம்பை நீட்டினார். "வட்டில் அடியில் உட்கார்ந்துவிட்டது. பதினாறாம் நாழிகை! இதோ தண்ணீர், இம்மிகூடப் பிசகாமல்."

"இனிமேல் இது எதற்கய்யா?" ராஜா இரைந்தார். "நேரத்துக்கு வந்து என்ன பிரயோஜனம்? சமயத்துக்கு வரவில்லையே!"

"காத்தாயி நேரத்துக்கு வரவில்லை மகாராஜா. சமயத்துக்கு வந்தாள்."

உள்ளேயிருந்து இளவரசரின் அழுகை கேட்டது. ராஜாவுக்குக் கண் கலங்கியது. இந்தத் தடவை மிளகால் அல்ல. "நான் ஒரு மடையன்" என்றார். பிறகு கையைப் பிசைந்தார். "ஆனால் வாள்மேல் சத்தியம் செய்துவிட்டேனே! முப்பதாம் நாழிகை மணி அடித்தால் அவளை அனுப்பியாக வேண்டுமே?"

"அடித்தால்தானே?" என்றார் அழகாத்திரி. "மிச்சமிருக்கும் பதினாலு நாழிகையும் தங்கள் வயிற்றில் அல்லவா இருக்கிறது?"

ராஜா தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். பிடித்துக்கொண்டது சிரிப்பு. சிரித்துச் சிரித்து விக்கல் வந்து, அழகாத்திரி கையிலிருந்த செம்பையும் வாங்கிக் குடித்தார். காத்தாயிக்குப் பட்டுப்புடவையும், அவளைச் சுமந்த எருமைக்கு ஒரு வெள்ளி மணியும், அழகாத்திரிக்குத் தன் கழுத்து முத்துமாலையும் கொடுத்தார்.

ஆவுடையப்பர் மட்டும் காலித் தவலையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மகாராஜா, இதில் மறுபடி தண்ணீர் நிரப்பட்டுமா?"

"நிரப்பலாம், நிரப்பலாம்" என்றார் ராஜா, மீசையைத் துடைத்துக்கொண்டே. "அந்த எருமை எப்போது சொல்கிறதோ, அப்போது நிரப்பும்!"