தலைமுழுகத் தண்ணீர்

படார்.

கதவு சாத்திய சத்தம். ஆறு வருஷத்துக்கு முன் கேட்டது. மாசிலாமணியின் காதுக்குள் அது இன்னும் ஓயவில்லை.

"என் தம்பியைத் தலைமுழுகிட்டு வந்திருக்கேன் அம்மா. இனி எனக்குன்னு யாரும் இல்லை. நீங்கதான் உபதேசம் கொடுக்கணும்."

கொல்லைக் குளத்தின் படியில் உட்கார்ந்து, புளியும் சாம்பலும் போட்டு அண்டா தேய்த்துக்கொண்டிருந்த அபயாம்பாள் நிமிர்ந்தாள். அவளுக்கு நாற்பது வயது. அவருக்கு அறுபத்து மூன்று. பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனசு குழம்பினால் அந்தப் பக்கத்து ஜனங்கள் அவளைத்தான் தேடி வருவார்கள். அவள் சொன்னது விளங்காமல் திரும்பிப் போனவர்களும் உண்டு.

"எந்தத் தண்ணியில முழுகினீங்க ஐயா?"

"அது... பேச்சுக்குச் சொல்றதுதானே."

"தலை காஞ்சு கிடக்குதேன்னு கேட்டேன். முழுகிட்டு வாங்க. உபதேசம் தர்றேன்."

அவர் குளத்தைப் பார்த்தார். கரைக்குக் கரை ஆகாயத்தாமரை. அடியில் தண்ணீர் இருப்பதற்கே அடையாளம் இல்லை.

"இதுலயா?"

"தண்ணி தெரியட்டும். அப்புறம் முழுகலாம்."

துரட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள்.

*

அங்கேயே தங்கிக்கொண்டார். காலையில் மாட்டுக்குத் தவிடு கரைத்து வைப்பார். பாத்திரம் கழுவிக் கொடுப்பார். பிறகு குளம்.

ஆகாயத்தாமரையை இழுத்துப் போட நாலு நாள் ஆனது. கடைசிக் கொத்தைக் கரையில் எறிந்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் போனார்.

"படியெல்லாம் பாசி. நீங்க வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்துட்டா, உபதேசத்தை நான் யாருக்குக் கொடுக்கிறது?"

தேங்காய் மட்டையால் பாசி தேய்த்தார். இரண்டு நாள்.

"இப்போ முழுகலாமா?"

"சேறு முழங்கால் அளவுக்கு நிக்குது. ஆடியில வாய்க்கால்ல தண்ணி வந்துடும். அதுக்குள்ள வாரிடுங்க."

கூடை கூடையாகச் சேற்றை அள்ளி வாழைக்குக் கொட்டினார். இடுப்பு விட்டுப்போனது.

"நான் வைக்காத பரீட்சையா? ஆளை வடிகட்டுறாங்களாம்" என்று முனகினார்.

அவளுக்குக் கேட்டுவிட்டது.

"ஆளை இல்லை ஐயா. தண்ணியை."

சேற்றிலிருந்து ஒரு விரால் துள்ளியது. இரண்டு கையாலும் அமுக்கினார். வழுவியது. மறுபடி அமுக்கினார். மறுபடி வழுவியது.

"தேசிங்கு இருந்தா ஒரே அமுக்கு. சின்ன வயசுல ஒத்தைக் கையால பிடிப்பான்."

"யாரு தேசிங்கு?"

"என் தம்பி."

"முழுகப் போற ஆளோட பேரு எனக்கு எதுக்கு? மீனைப் பிடிங்க."

*

வாய்க்காலில் தண்ணீர் திறந்த அன்று தேசிங்கின் மனைவி போன் செய்தாள். மாசிலாமணி முழுவதும் கேட்டார். போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"என்னவாம்?"

"ஈரல் கெட்டுப்போச்சாம். டாக்டர் கைவிரிச்சுட்டாராம். என்னைப் பார்க்கணுங்கிறானாம்."

"போறீங்களா?"

அவர் படியில் உட்கார்ந்தார்.

"எங்க அம்மா செத்தப்போ நான் டெல்லியில இருந்தேன். ரயில் ஏறிட்டேன், வந்துடுவேன், எடுத்துடாதடான்னு சொன்னேன். ஒரு நாள் காத்திருக்கலை அவன். கொண்டுபோய் எரிச்சுட்டான். நான் வந்து தெருவுல நின்னு கத்தினேன். கதவைச் சாத்திட்டான். அம்மா முகத்தைக் காட்டாதவன் முகத்தை நான் எதுக்குப் பார்க்கணும்?"

அபயாம்பாள் மடையில் அடைத்திருந்த சாக்கை உருவினாள். தண்ணீர் சலசலவென்று குளத்துக்குள் பாய்ந்தது.

"அப்போ நாளைக்குக் காலையில முழுகிடுங்க. அதுக்குள்ள ரொம்பிடும்."

*

ரொம்பியிருந்தது. மார்பளவு தண்ணீரில் போய் நின்றார்.

"முறையாப் பண்ணணும் ஐயா. மூணு முழுக்கு. யாரைத் தலைமுழுகுறோமோ அவங்க முகத்தைக் கடைசியா ஒருதரம் நினைச்சுக்கணும்."

முழுகி எழுந்தார்.

"யாரு வந்தாங்க?"

"அம்மா."

"அவங்களுக்குத்தான் உங்க தம்பி முழுகியாச்சே. நீங்க உங்க ஆளை நினைங்க."

இரண்டாவது முழுக்கு.

இந்தத் தடவை சீக்கிரம் எழவில்லை.

தேசிங்கின் மழித்த தலை. அதிலிருந்து புருவத்தில் இறங்கிக் கன்னத்தில் சொட்டும் தண்ணீர். ஈர வேட்டி. அண்ணன் கத்தக் கத்த, கதவைப் பிடித்துக்கொண்டு நடுங்கிய கை.

அன்றைக்குப் பார்த்ததுதான். இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

எழுந்து மூச்சு வாங்கினார். ஒவ்வொரு படியாக ஏறினார்.

"இன்னும் ஒரு முழுக்கு இருக்கே ஐயா?"

"ஆள் உயிரோட இருக்கானே அம்மா."

அபயாம்பாள் கொடியில் கிடந்த துண்டை உருவி அவர்மேல் எறிந்தாள்.

"தலையை நல்லாத் துவட்டுங்க. சொட்டச் சொட்ட உங்க தம்பி வாசல்ல போய் நின்னீங்கன்னா, தனக்குத்தான் முழுகிட்டு வந்திருக்கீங்கன்னு நினைச்சுக்கப்போறாரு. ஒன்பதே காலுக்கு பஸ்."

தேசிங்கு அதற்குப் பிறகு பதினேழு நாள் இருந்தான். கஞ்சியை அண்ணன் கையால் மட்டும்தான் குடித்தான்.