நுகம் இறங்காத வழக்கு

கடற்கரையில் விளைந்த உப்பு, மாட்டு வண்டியேறி மலைநாட்டுக்குச் சென்ற காலம் அது. கதை கேட்போர் முதலில் மூன்று செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். அரசுக் கொட்டிலின் மாட்டைப் பூட்டுவதற்கு ஓர் ஆள், ஓட்டுவதற்கு ஓர் ஆள், அவிழ்ப்பதற்கு ஓர் ஆள். ஒருவன் வேலையை மற்றவன் தொடமாட்டான். தனியார் மாட்டை உடையவனைத் தவிர வேறு எவர் தொட்டாலும் அது திருட்டு. அவ்வாண்டு மாடுகள் குறைந்தமையால், கொட்டில் மாடும் தனியார் மாடும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டன.

அப்படிப் பூட்டிய வண்டி ஒன்று மேடு ஏற மாட்டாமல் மன்றத்து வாயிலில் நின்றுவிட்டது. இடப்பக்கம் கொட்டிலின் செவலைக் காளை. வலப்பக்கம் உப்பு வணிகன் கொற்றனின் மயிலைக் காளை. இரண்டின் கழுத்திலும் புண்; புண்ணின்மேல் நுகம்.

வழக்கு, நீதி வழங்கும் மருதியிடம் காலையில் வந்தது. உச்சி வெயில் ஏறியும் முடியவில்லை.

“மாடுகளைக் கெடுத்தது கொட்டில்தான், அம்மா. அங்கே ஆளுக்குக் குறைவில்லை, மாட்டைப் பார்க்கத்தான் ஆளில்லை” என்றான் கொற்றன்.

“இவர் மாட்டின் முதுகைப் பாருங்கள், சாட்டையால் கோலம் போட்டிருக்கிறார். எங்களுக்கு முறை உண்டு. இவரைக் கேட்பார் யார்?” என்றான் கொட்டில் தலைவன் சேந்தன்.

சொன்னதையே சொன்னார்கள். மருதிக்குச் சலித்துவிட்டது.

“மாடுகள் எங்கே?” என்று கேட்டாள்.

“சான்றாக வாயிலில் நிற்கின்றன” என்றான் சேந்தன்.

“எப்படி நிற்கின்றன?”

“பாரத்தோடுதான். செவலை பூட்டிய நுகத்தை நான் தொடலாமா?” என்றான் கொற்றன்.

“அவிழ்ப்பவர் எவரும் இல்லையா?”

“எங்கள் ஆள் மாலையில்தான் வருவான், அம்மா. மயிலையை நாங்கள் தொட்டால் இவர் திருட்டு என்பார்” என்றான் சேந்தன்.

மருதி எழுந்தாள், வாயிலுக்கு நடந்தாள், தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்து நுகத்தை இறக்கினாள். செவலை தண்ணீர்த் தொட்டிக்குச் சென்றது. மயிலை அவ்விடத்திலேயே படுத்தது, பிறகு எழவில்லை.

“யார் கொடுமை பெரிது என்று நீங்கள் அளந்தீர்கள். நானும் உட்கார்ந்து கேட்டேன்” என்றாள் மருதி.

அதன்பின் முடிவானவை இவை. வாயிலில் நின்ற உப்பைக் கொற்றனும் சேந்தனும் தோளில் சுமந்து மேட்டில் ஏற்றினர். கொட்டிலில் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒருவனே முழுப்பொறுப்பானான். துன்புறும் மாட்டை எவர் அவிழ்த்தாலும் திருட்டன்று என்றாயிற்று. கொற்றன் மறுபடி மாடு வாங்க மன்றம் இசையவில்லை. செவலையின் கழுத்தில் மீண்டும் நுகம் ஏறவில்லை. யார் கொடுமை பெரிது என்னும் வழக்கு மட்டும் தீர்க்கப்படவே இல்லை.

துன்புறும் உயிரின் எதிரே நின்று பழியைப் பங்கிடுபவர் அனைவரும் அக்கொடுமையைச் செய்தவரே ஆவர்.