மூன்று குரலில் கெஞ்சிய புல்லுருவி

செடிகொடிகளுக்கெல்லாம் வாய் இருந்த காலம் அது. அப்போது கடலோரப் பட்டினம் ஒன்றில் பவளாயி என்றொருத்தி இருந்தாள். அவள் வீட்டு வாசலில் ஒரு மாமரம். மாமியார் வைத்தது. மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டாள், மரம் நின்றது.

மரம் காய்த்து வெகுகாலம் ஆயிற்று. அவள் புருஷன் சாத்தப்பன் தோணி கட்டுகிறவன். "காய்க்காத மரத்தைக் கட்டிக்கிட்டு அழுவியாக்கும்? நான் திரும்பி வரும்போதும் இப்படியே நின்னா, பலகையா அறுத்துடுவேன், பார்த்துக்க!" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினான்.

பவளாயி அண்ணாந்து பார்த்தாள். மரம் மொட்டையாய் நிற்க, உச்சியில் மட்டும் ஒரு பச்சைக் கொத்து, அதில் தகதகவென்று செம்பூ. தெருவில் போகிறவர்கள், "மாமரம் பூத்திருக்கு, மகராசி!" என்றார்கள்.

ஏறிப் பார்த்தாள். இலை மாவிலை இல்லை. பூ மாம்பூ இல்லை. கிளையைக் கவ்விச் சாற்றை உறிஞ்சிக் கொழுத்திருந்தது புல்லுருவி!

அரிவாளை ஓங்கினாள்.

"அடியேய் பவளாயி!" மாமியாரின் குரல், அதே மூக்கடைப்போடு. "நான் வச்ச மரத்துல கை வைக்கிறியா? விளங்குவியாடி நீ?"

மாமியார் உயிரோடு இருந்தபோதே பயப்படாதவள் பவளாயி. மறுபடி ஓங்கினாள்.

"ஏய்! யாரைக் கேட்டு ஏறினே?" சாத்தப்பனின் கரகரத்த குரல். குனிந்து பார்த்தாள். ஆளைக் காணோம். நடுக்கடலில் இருக்கிறவன் இங்கே எப்படிக் கத்துவான்? மறுபடி ஓங்கினாள்.

இப்போது ஒரு மெல்லிய குரல். "அம்மா, நான்தான் மரம். இது என் கடைசிப் பச்சை. இதையும் வெட்டினா செத்துப்போவேன்."

ஓங்கிய அரிவாளைத் தாழ்த்தினாள். நிஜமாகவே மரம்தானோ? வெட்டினால் போய்விடுமோ? வெட்டாவிட்டால் பலகையாகிவிடுமே!

யோசித்துக் கேட்டாள்: "சரிடா கண்ணு. நீ மரம்னா தினமும் என் கிணத்துத் தண்ணியைத்தானே குடிக்கிறே? அது எப்படி இருக்கும், சொல்லு?"

"கல்கண்டு மாதிரி இருக்கும்மா!"

பவளாயி சிரித்த சிரிப்பில் காக்கைகள் பறந்தன. அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளித்தாலே கரிக்கும். மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "வேர் இருக்கிறவனுக்குத்தாண்டா உப்பு தெரியும்!" என்றாள்.

சிரித்தவள் சட்டென்று அடங்கினாள். அப்படியானால் அந்த உப்பைக் கல்கண்டாக்கியது யார்? கிளையில் உள்ளங்கையை வைத்தாள். அடுப்பில்லை, பானையில்லை, சத்தமில்லை. பட்டைக்குள்ளே கரிப்பெல்லாம் இனிப்பாகி ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

புல்லுருவியை மட்டும் பிய்த்தால் திரும்பவும் முளைக்கும் என்று, அது கவ்விய இடத்துக்குக் கீழே ஒரு முழம் விட்டுக் கிளையோடு வெட்டினாள். பட்ட கிளையை வெட்டினாள். ஒன்றையொன்று உரசிய கிளையை வெட்டினாள். வெட்டிய இடத்திலெல்லாம் சாணி அப்பினாள்.

கப்பல் திரும்பியதும் சாத்தப்பன் கோடாலியோடு வந்து நின்றான். மரம் முழுக்கச் செப்புத் தகடு போலத் தளிர். வெயில் அதற்குள் புகுந்து வந்து வீடே சிவந்திருந்தது. அவன் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, கோயில் வாசலில் செய்வதுபோலத் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

ஆகையால் கேளுங்கள்: ஒன்றின் மேல் அன்பு வைத்தவர்கள், அதைத் தின்று பூப்பது எதுவென்று பார்த்தறிந்து, தயங்காமல் வெட்டிவிட வேண்டும்.