தூக்கத் தட்டுப் புத்தகம்

கோரையேரிக் காட்டில் நாரைதான் நூலகர். காட்டிலாகாக்காரர்கள் என்றோ விட்டுப்போன ஓட்டு வீடு ஒன்று ஏரிக்கரையோரம் இருந்தது. அதில் ஓர் அறை நிறையப் புத்தகங்கள். மேல்தட்டு எட்டும் அளவுக்கு நாரைக்குத்தான் கழுத்து இருந்தது. அதனால் அந்த வேலை அதற்குக் கிடைத்தது.

நாரைக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். புத்தகங்களை நான்கு தட்டுகளில் அடுக்கி, தட்டுக்கு ஒரு பலகை மாட்டியது. பேய்க் கதைகளுக்குப் ‘பயம்’ என்று ஒரு பலகை. வேடிக்கைக் கதைகளுக்குச் ‘சிரிப்பு’. காதல் கதைகளுக்கு ‘அழுகை’. எதிலும் சேராத புத்தகங்களை அடித்தட்டில் தள்ளி, அதற்குத் ‘தூக்கம்’ என்று எழுதிவிட்டது.

சட்டமும் போட்டது. வெள்ளிக்கிழமை காலையில் புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும். படித்தபோது என்ன தோன்றியது என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். பலகையில் உள்ளபடி தோன்றியிருந்தால் அடுத்த புத்தகம் கிடைக்கும். வேறு மாதிரி தோன்றியிருந்தால், சுவரில் உள்ள பெயருக்கு நேரே ஒரு கரிக்கோடு. மூன்று கோடு விழுந்தால் பெயரையே அழித்துவிடுவார்கள். அப்புறம் ஆயுள் முழுக்கப் புத்தகம் கிடையாது!

அந்தக் காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. அதன் குட்டிகள் வளர்ந்து ஆளுக்கொரு மலைக்குப் போய்விட்டன. வளைக்குள் பேச்சுத் துணை இல்லை. புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் அதற்குப் பொழுது பொழுதாகப் போனது. கிழங்கு தோண்டிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் படிப்புதான்.

ஆனால் அதற்கு ஒரு கஷ்டம். மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாது. பயந்தால் முட்கள் எழுந்து நிற்கும். சிரித்தால் கலகலவென்று ஆடும். அழுதால் துவண்டு தொங்கும். கூட்டத்தில் அதன் பக்கத்தில் உட்காருவதற்கு எல்லாரும் ஒரு நிமிடம் யோசிப்பார்கள்.

முதல் வாரம் அது பேய்க் கதை ஒன்றை எடுத்துப்போனது.

“என்னம்மா, நன்றாகப் பயந்தாயா?” என்று கேட்டது நாரை.

முள்ளம்பன்றியின் முட்கள் கலகலவென்று ஆடின. “எங்கேங்க பயப்படறது! பேய்க்குக் காலே இல்லைன்னு மூணாம் பக்கத்துல எழுதியிருக்கு. பத்தாம் பக்கத்துல ஜல் ஜல்லுன்னு கொலுசுச் சத்தம் கேக்குதாம்! கொலுசை எங்க மாட்டிக்கிட்டு வந்துச்சு? காதுலயா?”

கரைக்கு அந்தப் பக்கம் வளை போட்டிருந்த முயலம்மா களுக்கென்று சிரித்துவிட்டு, நாரையின் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டது.

“இது பயத் தட்டுப் புத்தகம்! இதைப் படித்துச் சிரிப்பது புத்தகத்துக்கே அவமானம்!” என்றது நாரை. முதல் கரிக்கோடு விழுந்தது.

அடுத்த வாரம் சிரிப்புத் தட்டுப் புத்தகம். போன மாதம் அதே புத்தகத்தைக் கொண்டுபோன குரங்கு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் உருண்டிருந்தது. முள்ளம்பன்றி வந்து நின்றபோதோ முட்கள் எல்லாம் துவண்டு தொங்கின.

“என்ன இது? இழவு வீட்டுக்குப் போய் வந்தவள் மாதிரி நிற்கிறாய்!”

“அந்தக் கதையில பொண்ணோட அப்பா மூட்டையைச் சுமந்துக்கிட்டு வந்து மூணு தடவை சேத்துல வழுக்கி விழறாருங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கைகொட்டிச் சிரிக்கிறாங்க. மூணாவது தடவை விழும்போது மனுஷன் மூட்டையைத்தான் தூக்கிப் பிடிக்கிறாரு, தன்னைப் பிடிச்சுக்கலை. அதுக்குள்ள மகளோட கல்யாணப் புடவை இருக்கு. எனக்குச் சிரிப்பு வரலைங்க.”

“முள்ளக்கா, அது சிரிக்கிற இடம்!” என்று குரங்கு கத்தியது.

இரண்டாவது கோடு விழுந்தது. “இன்னும் ஒன்றுதான் பாக்கி. ஞாபகம் வைத்துக்கொள்” என்றது நாரை.

முள்ளம்பன்றி புத்தகம் இல்லாத வளையை நினைத்துப் பார்த்தது. மூன்றாவது வாரம் காதல் கதை ஒன்றை எடுத்துப்போய்ப் படித்தது. அதில் வரும் இருவரும் ஒருவருக்கு ஒருவர் ஒரு வார்த்தை சொல்லாமல் முந்நூறு பக்கம் ஏங்கினார்கள். ‘வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சா என்ன!’ என்று அதற்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை அதைச் சொல்லவில்லை. காட்டு வெங்காயத்தைக் கசக்கிக் கண்ணில் தேய்த்துக்கொண்டு போனது.

“ரொம்ப அழுதேங்க” என்றது. கண்ணீர் வடிந்தது. முட்கள் மட்டும் விறைப்பாக இருந்தன. நாரை அவற்றைக் கவனிக்கவில்லை.

“இதுதான் வாசிப்பு! எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்!” என்று அது பாராட்டியது.

வெளியே வந்ததும் குரங்கு தோளைத் தட்ட வந்து, முள்ளைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டது. “தேறிட்ட அக்கா! எதுக்கு மெனக்கெட்டுப் படிக்கிறே? நான் இதுவரைக்கும் ஒரு புத்தகத்தையும் திறந்ததில்லை. பலகையைப் பாத்துக்கிட்டுச் சிரிச்சுடுவேன். ஒரு கோடு உண்டா என் பேருக்கு?”

முள்ளம்பன்றி கிழங்கு தோண்டப் போனது. அன்று தோண்டிய கிழங்கு அதற்கு ருசிக்கவே இல்லை.

நான்காவது வாரத்துக்கு நாரையே ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தது. பழுப்பு அட்டை. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. ‘ஏரிக்கரைப் பராமரிப்பு’ என்று போட்டிருந்தது.

“தூக்கத் தட்டு. படி, தூங்கு, வந்து தூங்கினேன் என்று சொல். இதில் உனக்குத் தப்பே வராது” என்றது.

“நீங்க படிச்சிருக்கீங்களா?”

“அட்டையைப் பார்த்தாலே கொட்டாவி வருகிறது. உள்ளே வேறு பார்க்க வேண்டுமா?”

முள்ளம்பன்றி அதை வளைக்குக் கொண்டுபோய்ப் படித்தது. முதல் நாற்பது பக்கம் கொட்டாவிதான் வந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நாற்பத்தோராம் பக்கத்தில் என்ன ஆயிற்றோ, ஒரு முள், இன்னொரு முள் என்று எழுந்து நின்றது. இரண்டாவது தடவை படித்தது. எல்லா முட்களும் எழுந்து வளையின் கூரையைக் குத்தின.

இவ்வளவுதான் எழுதியிருந்தது: ‘கரையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. கலங்கி வந்தால், கரை உள்ளுக்குள் கரைகிறது என்று பொருள். கசியும் துளையைச் சுற்றி எறும்புப் புற்று மாதிரி மண் சேர்ந்திருக்கும்.’

பேய்க் கதைக்குச் சிரித்த நமக்கு இதற்கு ஏன் பயம் வருகிறது என்று யோசித்தது. நேற்று கிழங்கு கொடுக்கப் போனபோது முயலம்மா சொன்னது நினைவுக்கு வந்தது: “எங்க வாசல்லயே ஊத்து வந்திருக்கு அக்கா! கொஞ்சம் கலங்கல்தான். இருந்தா என்ன, தண்ணிக்கு ஏரி வரைக்கும் நடக்க வேண்டாம்!”

முள்ளம்பன்றி புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடியது. அது வெள்ளிக்கிழமை காலை. கரையின் அடியில், முயலம்மாவின் வாசலில், நீர் குமிழியிட்டது. பால் குறைத்துப் போட்ட டீயின் நிறம். சுற்றிலும் வட்டமாக மண் குவிந்திருந்தது. மழையில் ஏரி தளும்ப நிரம்பியிருந்தது.

“குட்டிகளைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு வந்துடு! கரை உடையப் போகுது!”

முயலம்மா அதை ஏற இறங்கப் பார்த்தது. “பச்சைக் குட்டிங்க அக்கா. கண்ணு கூடத் திறக்கலை. நீ பேய்க் கதைக்குச் சிரிக்கிறவ, சிரிப்புக் கதைக்கு அழறவ. உன் பேச்சைக் கேட்டு வீட்டைக் காலி பண்ணணுமா? நாரையய்யா சொல்லட்டும், வரேன்.”

முள்ளம்பன்றி ஓட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது கூட்டம் கூடிவிட்டது. நாரை தட்டுகளுக்கு முன்னால் நின்றது.

“வாம்மா. நன்றாகத் தூங்கினாயா?”

தூங்கினேன் என்று சொன்னால் பெயர் பிழைக்கும். ஆனால் முட்கள் ஈட்டி மாதிரி நின்றன. பக்கத்தில் இருந்த குரங்கு, “ஆத்தாடி!” என்று துள்ளி நகர்ந்தது.

“தூங்கலைங்க. பயந்து செத்தேன். முயலம்மா வாசல்ல கலங்கல் தண்ணி வருது. கரை உள்ளே கரையுது. எல்லாரும் உடனே வரணும்!”

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

“பேயைப் பார்த்துச் சிரித்தாய். சேறும் மண்ணும் பற்றிய புத்தகத்துக்குப் பயப்படுகிறாயா? தூக்கப் புத்தகத்தில் பயப்பட என்ன இருக்கிறது?” நாரை கரித்துண்டை எடுத்தது. “தூங்கினேன் என்று சொல்லிவிடு. இல்லாவிட்டால் பெயர் போய்விடும்.”

“போடுங்க கோட்டை! போன வாரம் நான் அழுதது கதைக்கு இல்லை, வெங்காயத்துக்கு. அந்தப் பொய்க்கு நீங்க பாராட்டினீங்க. இன்னிக்கு நிஜம் சொல்றேன், என் பேரை அழிங்க. அழிச்சுட்டு கரைக்கு வாங்க!”

நாரை மூன்றாவது கோட்டைப் போட்டது. பிறகு முள்ளம்பன்றி என்ற பெயரை இறகால் தேய்த்து அழித்தது. முள்ளம்பன்றி அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. இடத்தை விட்டு நகரவில்லை.

அப்போது மூலையிலிருந்து நண்டு மெல்லக் கேட்டது: “அக்கா, அது புங்கமரத்துக்கு நேர் கீழேயா?”

“ஆமா.”

“போன கோடையில நான் அங்கதான் வளை தோண்டினேன். ஏரிப் பக்கம் ஆரம்பிச்சுத் தோண்டிக்கிட்டே போனேன். திடீர்னு எதிர்ல வெளிச்சம் தெரிஞ்சுது. சரி, காத்தோட்டமா இருக்கேன்னு...”

நண்டு முடிக்கவில்லை. கூட்டம் வாசலை நோக்கி ஓடியது.

இப்போது துளை இரண்டு மடங்காகியிருந்தது. தண்ணீர் பழுப்பாகப் பீறிட்டது. முயலம்மா குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. குரங்கு ஒரு பெரிய கல்லைத் தூக்கித் துளையை அடைக்கப் போனது.

“வெளி வாயை அடைக்காதே!” என்று கத்திக்கொண்டே முள்ளம்பன்றி சேற்றில் பாய்ந்து கல்லைத் தள்ளிவிட்டது. “அடைச்சா தண்ணி உள்ளுக்குள்ளயே வேற வழி தேடும்! எல்லாம் எழுதியிருக்கு. ஐயா, என் கையெல்லாம் சேறு. அந்தப் புத்தகத்தைப் படிங்க! நாற்பத்திரண்டாம் பக்கம்!”

முள்ளம்பன்றி கரையில் வைத்திருந்த புத்தகத்தை நாரை எடுத்துக் கல்லின் மேல் விரித்தது. தொண்டையைச் செருமியது. நூலகத்துப் புத்தகம் ஒன்றைத் திறந்து அது ஒரு பக்கம் படித்தது அன்றுதான் முதல் தடவை.

“‘கலங்கல் கண்ட கரையை நாள் கணக்கில் நம்பக் கூடாது. காலையில் விரல் நுழையும் துளை, மாலையில் ஆள் நுழையும் துளை. அதன்பின் கரை இருக்காது. கரைக்குக் கீழே குடியிருந்தவர்கள்...’”

நாரையின் குரல் நின்றது. கழுத்து இறகுகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

“ஐயா! ஐயா! உங்க கழுத்து முடி நட்டுக்கிட்டு நிக்குது! தூக்கம் வரலையா?” என்றது குரங்கு.

“வாயை மூடிக்கொண்டு சரளையை அள்ளு!” என்று நாரை அதட்டியது. வேகவேகமாகப் படித்தது. “‘வெளி வாயின் மேல் மணலும், அதன்மேல் சரளையும் பரப்பவும். நீர் வரலாம், மண் வரக் கூடாது. நீர்ப் பக்கத்து வாயைக் களிமண்ணால் அடைக்கவும்.’ நண்டே, உள் வாய் எங்கே?”

நண்டு ஏரிக்குள் பாய்ந்து இடம் காட்டியது. நீண்ட கால்கள் உள்ள நாரை ஆழத்தில் இறங்கி நின்றது. முள்ளம்பன்றி களிமண்ணையும் கோரையையும் பிசைந்து உருட்டிக் கொடுத்தது. நாரை அலகால் வாங்கி வாங்கித் துளையில் திணித்தது. வெளியே குரங்கும் முயலும் மணலும் சரளையும் கொட்டினார்கள்.

உச்சிப் பொழுதுக்குள் பீறிட்ட தண்ணீர் கசிவாயிற்று. கசிவும் தெளிந்தது. அதில் முயலம்மாவின் முகம் தெரிந்தது. “அக்கா...” என்றது. முள்ளம்பன்றியின் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டது.

நாரை உடம்பெல்லாம் சேற்றோடு வந்து நின்றது. “உன் பெயரை மறுபடி எழுதிவிடுகிறேன். இந்த ஒரு தடவை மட்டும் விதிவிலக்கு.”

“விதிவிலக்கு எனக்கு வேண்டாங்க” என்றது முள்ளம்பன்றி. “இன்னிக்கு உங்க கழுத்துக்கு யார் கோடு போடறது? நாலு பலகையையும் கழட்டுங்க. என்ன தோணுச்சுன்னு படிச்சவங்க சொல்லட்டும். அதுக்குச் சம்மதம்னா பேரை எழுதுங்க. இல்லாட்டி வேண்டாம்.”

நாரை வெகுநேரம் ஒற்றைக் காலில் நின்றது. பிறகு உள்ளே போய் நான்கு பலகைகளையும் கழற்றியது. சுவரில் முள்ளம்பன்றியின் பெயரைத் தெளிவாக எழுதியது. கோடுகளைத் துடைத்தது.

குரங்குதான் திகைத்துப்போனது. “அப்போ எங்க சிரிக்கிறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“முதல் பக்கத்தைத் திற” என்றது முள்ளம்பன்றி.

குரங்கு முனகிக்கொண்டே ஒரு புத்தகத்தைத் திறந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியது. நான்காம் பக்கத்துக்குப் போனபோது தலையைச் சொறியவும் மறந்துவிட்டது. அதற்கு என்ன தோன்றியது என்று யாரும் கேட்கவில்லை. அது படித்துக்கொண்டே இருந்தது.

ஒரு புத்தகம் நம்மை என்ன செய்தது என்பதை அடுத்தவர் பலகையைப் பார்த்துச் சொல்லக் கூடாது. நாமே படித்து, மனதில் பட்டதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.