கூறு போட்ட மாத்திரை

கோணப்பட்டிக்காரர்களுக்கு மூளையே இல்லை என்று பக்கத்து ஊரில் சொல்வார்கள். அபாண்டம். மூளை உண்டு. ஊருக்குப் பொதுவாக ஒன்று இருக்கிறது, கூடிப் பேசினால்தான் வேலை செய்யும்.

அந்த ஊர் சடையாண்டி, மொக்கையன், ஒச்சப்பன், காத்தமுத்து நாலு பேருக்கும் வருசக்கணக்காக வயிற்றெரிச்சல். சடையாண்டிக்குத்தான் அவசரம். வைகாசியில் மகள் கல்யாணம். மோர்க்கஞ்சியே குடித்துக் கிடந்த மனுசன், கல்யாணக் கறிவிருந்தில் ஒரு வாயாவது தின்றுவிடத் தவித்தார்.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் தமயந்தி புது மருந்து ஆராய்ச்சி நடத்துவதாகக் கேள்விப்பட்டு நாலு பேரும் போய் நின்றார்கள்.

"இது நாள்பட்ட இரைப்பை அழற்சி," என்றார் டாக்டர். "பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியக் கூடாது, எனக்கும் தெரியக் கூடாது."

பஸ் ஸ்டாண்டில் ஆலோசனை கூடியது.

"பாவம், தான் குடுக்கிறது என்னன்னே அந்தம்மாவுக்குத் தெரியலையாம்," என்றார் மொக்கையன்.

"அதை விடு. ஒருத்தனுக்கு மருந்து, ஒருத்தனுக்கு மாவுன்னா என்ன நியாயம்? கிடா வெட்டுனா ஒருத்தனுக்குத் தொடையும் ஒருத்தனுக்குக் கொம்புமா குடுக்கிறோம்?" என்றார் ஒச்சப்பன்.

கோணப்பட்டியில் கறி பிரிக்க ஒரு முறை உண்டு. ஈரல், எலும்பு, கொழுப்பு எல்லாம் கலந்து இலையில் கூறு போடுவார்கள். ஒருவர் முதுகைக் காட்டி நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் வாயில் வந்த பெயரைச் சொல்வார். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

ஆகவே நாலு பேர் மாத்திரையும் உரலுக்குப் போனது. தினமும் தேக்கிலையில் பொடியைக் கூறு போட்டு, முறைப்படி முதுகு காட்டித் தின்றார்கள். யாருக்கு என்ன போனது என்று சத்தியமாக யாருக்கும் தெரியாது. டாக்டர் சொன்னதை இவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்தவர்கள் எங்கேயும் இருக்க மாட்டார்கள்.

கடைசியில் கேமராக் குழாயை விழுங்க வேண்டும் என்றார்கள். சடையாண்டி பின்வாங்கினார்.

"எனக்குத் தொண்டை சின்னதுப்பா."

"இதுக்கு ஏன் அழுவுற, கூறு போட்டாப் போச்சு," என்றார் காத்தமுத்து.

ஒச்சப்பன் சடையாண்டியின் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தொட்டு, "இந்தக் குழாய் யாருக்கு?" என்றார்.

"மாப்பிள்ளைக்கு," என்றார் திரும்பி நின்ற மொக்கையன்.

ஆட்டோ ஓட்டிவந்த வருங்கால மருமகனுக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும். மாமனார் காரியமாச்சே, மறுக்க முடியுமா? போய்ப் படுத்தார். கேமரா அறையில் வேறு டாக்டர். அவருக்குச் சீட்டுத்தான் தெரியும், ஆளைத் தெரியாது.

படத்தைப் பார்த்த தமயந்திக்கு ஆனந்தம். "சடையாண்டி, இளவட்டப் பையன் வயிறு மாதிரி இருக்கு. தாராளமா கறி சாப்பிடுங்க."

சடையாண்டி அழுதேவிட்டார். கல்யாணத்துக்கு டாக்டரையும் அழைத்தார்.

விருந்தில் ஆசை தீரத் தின்றார். கை கழுவ எழுந்தவர் அப்படியே வயிற்றைப் பிடித்து உட்கார்ந்தார். டாக்டர் ஓடிவந்தார்.

"எரியக் கூடாதே. படத்துல சுத்தமா இருந்துச்சே."

"அது மாப்பிள்ளை வயிறும்மா. கூறுல அவருக்கு விழுந்துச்சு."

"மாத்திரையாவது ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"

"ஒரு தூசி வீணாக்கலை. நாலு பேரும் ஒண்ணா இடிச்சு, சரிசமமா கூறு போட்டு..."

டாக்டர் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். ஆராய்ச்சி போயே போச்சு.

"இத்தனை பேர் இருக்கையில எரிச்சலை ஒருத்தனே வச்சுக்கிறது முறையில்லையே," என்றார் காத்தமுத்து.

எல்லோரும் ஆமோதித்தார்கள். மொக்கையன் திரும்பி நின்றார். ஒச்சப்பன் சடையாண்டியின் வயிற்றைத் தொட்டார்.

"இது யாருக்கு?"

"டாக்டரம்மாவுக்கு."

நாலு பேரும் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"போய்ச் சேர்ந்திருச்சுப்பா," என்றார் சடையாண்டி. மறுபடியும் பந்தியில் உட்கார்ந்து, இலை போடச் சொன்னார்.